மெய்நிகர் தனியார் பிணையத்திற்கான இணையச் சேவை வழங்குநர் தேர்வு

மெய்நிகர் தனியார் பிணையம் என்பது பொது இணையத்தின் மீது மறையாக்கப்பட்ட ஒரு சுரங்கவழியை அமைத்து, தொலைவில் உள்ள கணினியை ஓர் அலுவலகத்தின் அல்லது கல்லூரியின் உள் வலையமைப்போடு இணைக்கும் முறை ஆகும். வழக்கில் இது வி.பி.என். என்றே அழைக்கப்படுகிறது. வி.பி.என். தனக்கென வேறு கம்பியையோ அலைவரிசையையோ பயன்படுத்துவதில்லை. பயனர் பெற்றிருக்கும் சாதாரண இணைய இணைப்பின் மீதே அது ஓடுகிறது. ஆகவே அதன் செயற்திறன் இணையச் சேவை வழங்குநரின் தேர்வைப் பெரிதும் சார்ந்துள்ளது.

வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் விளம்பரத்தில் உள்ள வேகத்தையே ஒப்பிடுகின்றனர். ஆனால், அந்த எண் வீட்டிற்கும் வழங்குநரின் முதல் நிலையத்திற்கும் இடையிலான வேகத்தை மட்டுமே குறிக்கிறது. வீட்டிலிருந்து வி.பி.என். வழங்கி வரை பொதிகள் செல்லும் முழு வழியின் நீளம், அதில் ஏற்படும் இழப்பு, நெரிசல் ஆகியவை அந்த எண்ணில் அடங்குவதில்லை. 40 மெகாபிட் இணைப்பில் இடையூறின்றி நடக்கும் அலுவலகப் பணி, 300 மெகாபிட் இணைப்பில் திணறுவது இதனாலேயே ஆகும். இக்கட்டுரை விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்தில் உள்ள பந்தல்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்காரணிகளை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. 2004 ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. அவ்வரையறை 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. சிற்றூர்களில் வி.பி.என். பயன்படுத்தும் தேவை அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. வங்கிக் கிளைகளும் அரசு அலுவலகங்களும் அதனைப் பயன்படுத்தின. வீடுகள் பயன்படுத்தவில்லை.

2020 மார்ச் மாத இறுதியில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றிய பலர் தென்மாவட்டங்களில் உள்ள சொந்த ஊர்களுக்குத் திரும்பி, அங்கிருந்தே பணிபுரிந்தனர். அதற்கு முன்பு, அழைப்பு மையங்கள் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்ற வேண்டுமெனில், உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வழங்கும் வி.பி.என். இணைப்பும் பிணைவைப்புத் தொகையும் தேவை என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதியாக இருந்தது. 2020 மார்ச்சில் இவ்விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலும் 2021 ஜூனிலும் வெளியான புதிய வழிகாட்டுதல்கள் வீட்டிலிருந்து பணிபுரிவதை நிலையாக எளிதாக்கின. சாதாரண வீட்டு இணைப்பின் மீது நிறுவனத்தின் வி.பி.என். ஓடுவது பரவலான வழக்கமாயிற்று.

இதற்கு மாற்றான வழியும் உண்டு. சோகோ நிறுவனம் 2011 இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கி, பணியிடத்தையே சிற்றூருக்குக் கொண்டுவந்தது. அத்தகைய அலுவலகத்தில் இணைப்பின் தரம் நிறுவனத்தின் பொறுப்பாகும். வீட்டிலிருந்து பணிபுரிபவருக்கு அது அவருடைய சொந்தப் பொறுப்பாகிறது. கூட்டத்தின் நடுவே இணைப்பு மீண்டும் மீண்டும் அறுபடுமானால், அவர் நகரத்தில் வாடகை வீடு தேடித் திரும்ப வேண்டியிருக்கும். வழங்குநர் தேர்வு ஒருவர் எந்த ஊரில் வாழ்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் அளவிற்குச் செல்வது இங்ஙனமே ஆகும்.

மூன்று வகைப் பயன்பாடுகள்

எதற்காக வி.பி.என். தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். அலுவலக அல்லது கல்லூரி வி.பி.என். பயன்படுத்துவோருக்கு வழங்கி இருக்கும் இடம் நிலையானது. அதனை மாற்ற இயலாது என்பதால், அவ்விடத்திற்கு நல்ல வழியை உடைய வழங்குநரையே தேட வேண்டும். வணிக முறையிலான வி.பி.என். சேவைகளில் பல நாட்டு வழங்கிகளுள் ஒன்றைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவதாக, வெளியூரில் இருந்தபடி வீட்டில் உள்ள கணினியையோ கண்காணிப்புக் கருவியையோ அணுகுவோர் உள்ளனர். இவர்களுக்கு வேகத்தை விட, வெளியிலிருந்து அணுகத்தக்க இணைய முகவரி இன்றியமையாதது.

தொலைவும் வழியும்

ஒரு பொதி வழங்கிக்குச் சென்று விடை திரும்புவதற்கு ஆகும் காலம் சுற்றுப்பயண நேரம் எனப்படும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. எனவே 1,000 கிலோமீட்டர் தொலைவிற்குச் சென்று திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். இது இயற்பியல் வரம்பு. எந்த வழங்குநரும் கூடுதல் கட்டணம் பெற்று இதனைக் குறைத்துவிட முடியாது.

பந்தல்குடியிலிருந்து சென்னைக்குச் சாலைவழித் தொலைவு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒளியிழைத் தடங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் ஒட்டியே செல்வதால், இத்தொலைவையே கணக்கிற்கு எடுத்துக்கொள்ளலாம். அதன்படி குறைந்த அளவு சுற்றுப்பயண நேரம் 5 மில்லிநொடி ஆகும். இடையில் உள்ள திசைவிகளையும் வீட்டுக் கருவியையும் சேர்த்தால், நல்ல ஒளியிழை இணைப்பில் 10 முதல் 25 மில்லிநொடி வரை எதிர்பார்க்கலாம். ஆனால், ஒரு வழங்குநரின் பொதிகள் மதுரை வழியாக நேரே சென்னை சேரும்போது, மற்றொருவரின் பொதிகள் மும்பை சென்று பின் சென்னைக்குத் திரும்பக்கூடும். இரு வழங்குநர்களின் பிணையங்கள் சென்னையில் நேரடியாக இணைக்கப்படாமல் மும்பையில் மட்டும் இணைந்திருந்தால் இவ்வாறு நேரிடும். இச்சுற்றுவழி 30 மில்லிநொடி அல்லது அதற்கு மேலும் சேர்த்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் அனுப்ப அதனை முதலில் தலைமை அஞ்சலகத்திற்கு அனுப்புவதைப் போன்றது இது.

இத்தகைய சுற்றுவழிகளைக் குறைக்கவே இணையப் பரிமாற்ற நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. அங்கு வெவ்வேறு வழங்குநர்கள் தத்தம் பிணையங்களை நேரடியாக இணைத்துக்கொள்கின்றனர். இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் 2003 இல் நிறுவப்பட்டது. அதன் தொடக்ககால நிலையங்களுள் சென்னையும் ஒன்று. பின்னர்த் தனியார் பரிமாற்ற நிலையங்களும் சென்னையில் தோன்றின. சிறிய உள்ளூர் வழங்குநர் ஒருவர் இத்தகைய நிலையத்தில் இணைந்திருந்தால், பெரிய நிறுவனத்திற்கு இணையான, சிலவேளை அதனினும் நல்ல வழியைத் தர இயலும். பெயரின் பெருமையை மட்டும் கொண்டு முடிவு செய்வது பொருந்தாது.

வழங்கி வெளிநாட்டில் இருந்தால் கடலடி வடங்களும் கணக்கில் சேரும். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் 17 பன்னாட்டுக் கடலடி வடங்கள் 14 நிலையங்களில் கரையேறியதாக இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் குறிப்பிட்டது. அந்நிலையங்கள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் உள்ளன. இவற்றுள் தூத்துக்குடி பந்தல்குடிக்கு மிக அருகில் உள்ளது. ஊர் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையிலேயே அமைந்துள்ளது. ஆயினும் இவ்வண்மையால் பந்தல்குடி வாசிக்குப் பயன் ஏதும் இல்லை. தூத்துக்குடியில் இருந்து செல்வது, பி.எஸ்.என்.எல். நிறுவனமும் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனமும் இணைந்து 2006 இல் அமைத்த பாரத்–லங்கா வடம் ஆகும். அது கொழும்புக்கு அருகே கல்கிசையில் கரையேறுகிறது. சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் பெரும் போக்குவரத்து சென்னை, மும்பை வடங்களையே நம்பியுள்ளது. நிலப்படத்தில் அருகில் இருப்பதும் பிணையத்தில் அருகில் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் 2002 இல் பார்தி, சிங்டெல் நிறுவனங்களின் ஐ2ஐ வடமும், 2004 இல் டாட்டாவின் வடமும் பயன்பாட்டிற்கு வந்தன. இரண்டும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையவை. அதனால் பந்தல்குடியிலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பக் குறைந்தது 37 மில்லிநொடி தேவை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 200 மில்லிநொடிக்கு மேல் ஆவது இயல்பு.

மேற்கு நோக்கிய வடங்கள் செங்கடலின் குறுகிய வழியாகச் செல்வதால், அங்கு ஏற்படும் அறுபாடு இந்தியப் பயனர்களைப் பாதிக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே வடங்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே அறுந்தபோதும் ஐரோப்பா நோக்கிய இணைப்புகள் மந்தமாயின. அத்தகைய நாட்களில் சிங்கப்பூர், பசிபிக் வழியாகவும் மாற்றுத் தடம் வைத்துள்ள வழங்குநரின் பயனர்கள் குறைவாகவே பாதிக்கப்படுவர்.

பொதி இழப்பு

தொலைவை விடக் கொடியது பொதி இழப்பு. டி.சி.பி. நெறிமுறை ஒரு பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தொலைந்ததை அறிந்து மீண்டும் வேகத்தைக் கூட்ட ஆகும் காலம் சுற்றுப்பயண நேரத்தைப் பொறுத்தது. எனவே தொலைவும் இழப்பும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

1997 இல் மேத்திசும் பிறரும் வெளியிட்ட தோராயச் சூத்திரத்தின்படி, ஒரு தொடர்பின் உச்ச வேகம் பொதியின் அளவுக்கு நேர் விகிதத்திலும், சுற்றுப்பயண நேரத்திற்கும் இழப்பு வீதத்தின் இருபடி மூலத்திற்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும். பொதிக்கு 1,360 பைட்டு, இழப்பு 1 விழுக்காடு எனக் கொண்டால், சென்னையில் உள்ள வழங்கிக்கு (20 மில்லிநொடி) ஏறத்தாழ 6.6 மெகாபிட் கிடைக்கும். அமெரிக்காவில் உள்ள வழங்கிக்கு (250 மில்லிநொடி) கிடைப்பது அரை மெகாபிட் மட்டுமே. வீட்டு இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தாலும் 1,000 மெகாபிட்டாக இருந்தாலும் இவ்விடை மாறாது. இழப்பு 0.01 விழுக்காடாகக் குறைந்தால், அதே அமெரிக்கத் தொடர்பின் வேகம் பத்து மடங்காகி 5 மெகாபிட்டைத் தாண்டும். கியூபிக், 2016 இல் கூகுள் வெளியிட்ட பி.பி.ஆர். போன்ற புதிய முறைகள் இழப்பை ஓரளவு தாங்குகின்றன. எனினும் அவற்றைப் பயன்படுத்துவதா என்பதைத் தரவை அனுப்பும் கணினியே முடிவு செய்கிறது.

வி.பி.என். சுரங்கவழியே டி.சி.பி. மீது அமைக்கப்பட்டிருந்தால் நிலை மேலும் மோசமாகும். அப்போது உள்ளே ஓடும் டி.சி.பி.யும் வெளியே உள்ள டி.சி.பி.யும் ஒரே இழப்பிற்காகத் தனித்தனியே மறு அனுப்பீடு செய்து ஒன்றையொன்று தடுக்கும். 2001 இல் வெளியான ஓப்பன்வி.பி.என். இரு முறைகளையும் ஏற்கிறது. 2020 மார்ச்சில் லினக்சு கருவின் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு யு.டி.பி. முறையில் மட்டுமே இயங்குகிறது. வழங்குநரோ வளாக வலையமைப்போ யு.டி.பி. பொதிகளைத் தடுத்தாலோ மட்டுப்படுத்தினாலோ, பல வி.பி.என். மென்பொருள்கள் தாமாகவே டி.சி.பி.க்கு மாறிவிடும். பயனருக்கு இது தெரிவதில்லை. இணைப்பு மந்தமானது மட்டுமே தெரியும்.

பொதியின் அளவு

ஈத்தர்நெட் இணைப்பில் ஒரு பொதியின் உச்ச அளவு 1,500 பைட்டு. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பி.பி.பி.ஓ.ஈ. முறையில் இயங்கும் ஒளியிழை இணைப்புகளில் 8 பைட்டு தலைப்பிற்குச் சென்று 1,492 மட்டுமே எஞ்சும். வயர்கார்டு ஒவ்வொரு பொதிக்கும் ஐ.பி.வி4 மீது 60 பைட்டும், ஐ.பி.வி6 மீது 80 பைட்டும் கூடுதலாகச் சேர்க்கிறது. அதன் இயல்பு அமைப்பு உள்பொதிக்கு 1,420 பைட்டு ஆகும். ஐ.பி.வி4 மீது ஓடும்போது மொத்தம் 1,480 ஆவதால் இடர் இல்லை. ஐ.பி.வி6 மீது ஓடும்போது மொத்தம் 1,500 ஆகி, 1,492 என்னும் வரம்பை மீறிவிடும்.

இக்குறையின் அறிகுறி தனித்தன்மை வாய்ந்தது. வி.பி.என். இணைந்துவிடும். கடவுச்சொல் ஏற்கப்படும். சிறிய பக்கங்களும் திறக்கும். பெரிய கோப்பைத் திறக்க முயன்றால் மட்டும் திரை உறைந்து நிற்கும். பலர் இதனை வழங்குநரின் வேகக் குறைவாகக் கருதி, உயர்ந்த கட்டணத் திட்டத்திற்கு மாறுகின்றனர். அதனால் பயன் இல்லை. வயர்கார்டின் பொதி அளவை 1,412 ஆகவோ அதற்குக் குறைவாகவோ அமைப்பதே தீர்வு. பணம் செலவழிப்பதற்கு முன் இந்த ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பது நன்று.

பகிரப்பட்ட முகவரி

ஐ.பி.வி4 முகவரிகள் தீர்ந்துவருவதால் ஆசிய–பசிபிக் பதிவகம் 2011 ஏப்ரலில் பங்கீட்டுக் கட்டுப்பாட்டு நிலையை எட்டியது. அதன் பின்னர்ப் பல வழங்குநர்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். இதற்கெனவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. வீட்டுத் திசைவியின் வெளிமுக முகவரி இவ்வரம்பிற்குள் இருந்தால், இணைப்பு பகிரப்பட்ட முகவரியில் உள்ளது என அறியலாம்.

வீட்டிலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் வி.பி.என். இணைப்பை இது பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் சிறிது நேரம் பொதி எதுவும் செல்லாவிட்டால் வழங்குநரின் கருவி அத்தொடர்பை மறந்துவிடும். வயர்கார்டில் 25 நொடிக்கு ஒருமுறை வெற்றுப் பொதி அனுப்பும் அமைப்பு இதற்காகவே பரிந்துரைக்கப்படுகிறது. குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டுமே அனுமதி தரும் அலுவலகமாக இருந்தாலோ, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அணுக வேண்டியிருந்தாலோ, நிலை முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். அது கிடைக்குமா என்பதை இணைப்புப் பெறுவதற்கு முன்பே கேட்டறிதல் வேண்டும். ஐ.பி.வி6 முகவரி தரும் வழங்குநரிடம், மறுமுனையிலும் ஐ.பி.வி6 இருக்குமாயின், இச்சிக்கல் பெருமளவு நீங்கும். 2016 இல் சேவை தொடங்கிய ஜியோவின் பிணையம் ஐ.பி.வி6 ஐ முதன்மையாகக் கொண்டு கட்டப்பட்டது.

பந்தல்குடி போன்ற ஊர்களில் கிடைக்கும் இணைப்புகள்

பந்தல்குடி கரிசல் நிலமும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உடைய வறண்ட பகுதியைச் சேர்ந்தது. இப்பகுதியிலும் அண்டையில் உள்ள திருச்சுழி வட்டாரத்திலும் வீடுகள் சிறு சிறு ஊர்களாகப் பரந்து கிடப்பதால், ஒளியிழையை ஒவ்வொரு தெருவிற்கும் கொண்டு செல்வது வழங்குநருக்குச் செலவு மிக்கது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊருக்கும், அதிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே உள்ள ஊருக்கும் கிடைக்கும் தெரிவுகள் பெரிதும் வேறுபடும். பொதுவாக இத்தகைய ஊர்களில் மூவகை இணைப்புகள் கிடைக்கின்றன.

முதலாவது ஒளியிழை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் பல ஊர்களில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நடத்துநர்களைக் கூட்டாளிகளாகக் கொண்டு வீட்டு ஒளியிழைச் சேவையை வழங்குகிறது. இம்முறையில் வழங்குநரின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், பழுது நீக்க வருபவர் உள்ளூர் நடத்துநர் ஆவார். அவர் எத்தகையவர் என்பதே சேவையின் தரத்தைப் பாதியளவு தீர்மானிக்கிறது. வடம் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டப்படுகிறது என்பதை எந்த விளம்பரமும் கூறாது. அதே தெருவில் ஓராண்டாக இணைப்பு வைத்திருப்பவரிடம் கேட்பதே வழி. மின்கம்பங்களில் தொங்கும் வடங்கள் உயரச் சுமை ஏற்றிய லாரிகளாலும் சாலைப் பணிகளாலும் அறுபடுவது சிற்றூர்களில் வழக்கமானது.

ஒளியிழையின் பெருஞ்சிறப்பு பதிவேற்ற வேகம் ஆகும். பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் தரவிறக்கத்திற்கு 2.5 கிகாபிட்டும், பதிவேற்றத்திற்கு 1.25 கிகாபிட்டும் ஒரு கிளையில் உள்ள வீடுகளுக்கிடையே பகிரப்படுகின்றன. காணொளிக் கூட்டத்திலும் கோப்பு அனுப்புவதிலும் பதிவேற்றமே முதன்மையானது. மேலும், நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இதில் இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும், நடத்துநரின் நிலையத்தில் மின்கலம் இருந்து, வீட்டில் உள்ள ஒளியிழைக் கருவிக்கும் திசைவிக்கும் ஒரு சிறு மின்கல அமைப்பு இருக்குமாயின் பணி நிற்காது. நடத்துநரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய வினா, மின்தடையின்போது அவருடைய நிலையம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதாகும்.

இரண்டாவது நிலைக் கம்பியற்ற இணைப்பு. ஏர்டெல் நிறுவனம் 2023 ஆகஸ்டிலும், ஜியோ நிறுவனம் 2023 செப்டம்பரிலும் 5ஜி அலைவரிசை வழியாக வீட்டு இணைப்புகளைத் தொடங்கின. கூரையின் மீது வைக்கப்படும் ஏற்பி கோபுரத்தை நோக்கி நேர்ப்பார்வையில் இருந்தால் இவை நன்கு இயங்கும். பகல் நேரத்தில் இவற்றின் தரவிறக்க வேகம் ஒளியிழைக்கு நிகராக இருக்கலாம். ஆயினும் கோபுரம் அலைபேசிப் பயனர்களுடன் பகிரப்படுவதால், மாலையில் சுற்றுப்பயண நேரம் ஏறி இறங்கும். பதிவேற்றமும் ஒளியிழையை விடக் குறைவாகவே இருக்கும். வி.பி.என். வழியே பேசும்போது குரல் விட்டு விட்டுக் கேட்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால் ஆகும். சிறிய குரல் பொதிகளில் வி.பி.என். தலைப்பின் சுமையும் கூடுதல். 200 பைட்டு அளவுள்ள ஒரு குரல் பொதியில் வயர்கார்டு சேர்க்கும் 60 பைட்டு 30 விழுக்காடு ஆகிறது.

மூன்றாவது அலைபேசியின் இணைப்பைக் கணினிக்குப் பகிர்தல். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் ஏறத்தாழ 1 ஜி.பி. தரவை எடுத்துக்கொள்ளக்கூடும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. அல்லது 2 ஜி.பி. தரும் திட்டம் இரண்டு கூட்டங்களில் தீர்ந்துவிடும். இது அவசரத்திற்கு மட்டுமே பொருத்தமானது.

இவை தவிர அரசுத் திட்டமும் உண்டு. நடுவணரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழைப் பிணையத் திட்டம் 2015 இல் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தின் கீழ் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, 2018 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை ஒளியிழை வருவதனாலேயே வீடுகளுக்கு இணைப்பு வந்துவிடாது. அங்கிருந்து வீடு வரை கொண்டு செல்ல ஒரு நடத்துநர் முன்வர வேண்டும்.

வீட்டிலிருந்து பணிபுரிவோர் இரண்டாவது இணைப்பு ஒன்றையும் வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது கவனிக்க வேண்டியது, இரண்டும் வெவ்வேறு தடங்களில் செல்கின்றனவா என்பது. ஒரே கம்பத்தில் தொங்கும் இரு நிறுவனங்களின் வடங்கள் ஒரே லாரியால் அறுபடும். வடம் அறுந்த நாளில் அதே தடத்தின் வழியே அலைபேசிக் கோபுரமும் இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் செயலிழக்கும். ஒளியிழை ஒரு நிறுவனத்திடமும், கம்பியற்ற இணைப்பு வேறொரு நிறுவனத்திடமும் பெறுவது ஓரளவு பாதுகாப்பானது.

சோதித்தல்

வேகச் சோதனைத் தளங்கள் வழங்குநரின் பிணையத்திற்குள்ளேயே அல்லது அருகிலுள்ள நகரத்தில் உள்ள வழங்கியைத் தேர்ந்தெடுப்பதால், அவை காட்டும் எண் வி.பி.என். பயனருக்குப் போதாது. சோதனையை வி.பி.என். நுழைவாயில் முகவரியை நோக்கியே செய்ய வேண்டும். இணைப்புப் பெறுவதற்கு முன் அதே வழங்குநரின் இணைப்புள்ள அண்டை வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். பிங் கட்டளையை ஒரே முறை இயக்கி முடிவுக்கு வருவது பயனற்றது. காலை 10 மணிக்கும், இரவு 9 மணிக்கும் சில நூறு பொதிகளை அனுப்பி, இழப்பு வீதத்தையும், மிகக் குறைந்த நேரத்திற்கும் மிக அதிக நேரத்திற்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நிறுவனத்திற்குப் பணிபுரிபவருக்குக் காலை நேரச் சோதனையை விட, ஊரே படம் பார்க்கும் இரவு நேரச் சோதனையே முக்கியமானது. சில அலுவலக நுழைவாயில்கள் பிங் பொதிகளுக்கு விடையளிப்பதில்லை. அந்நிலையில் வி.பி.என். இணைந்த பின் உள் வலையமைப்பில் உள்ள ஒரு கணினியை நோக்கிச் சோதிக்கலாம்.

வழித்தடம் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை பொதி எந்தெந்த நகரம் வழியாகச் செல்கிறது என்பதை ஓரளவு வெளிப்படுத்தும். சென்னை வழங்கிக்குச் செல்லும் வழியில் திடீரென 30 அல்லது 40 மில்லிநொடி ஏறுமாயின், மும்பையையோ தில்லியையோ சுற்றி வருவதாக ஊகிக்கலாம். இடையிலுள்ள ஒரு திசைவி மட்டும் விடையளிக்காமல் இருப்பதை இழப்பு எனக் கருதக் கூடாது. இறுதி முனை வரை தொடரும் இழப்பே உண்மையான இழப்பு. பொதியின் அளவை அறிய, துண்டாக்கக் கூடாது என்னும் குறியுடன் 1,472 பைட்டு பிங் அனுப்பலாம். 28 பைட்டு தலைப்புடன் அது 1,500 ஆகும். அது செல்லாமல் 1,464 மட்டும் சென்றால் வரம்பு 1,492 என அறியலாம்.

குறை எப்போதும் வழங்குநரிடமே இருப்பதில்லை. பழைய வீட்டுத் திசைவிகளின் செயலி மறையாக்கத்திற்குப் போதுமான திறனற்றது. அதில் வி.பி.என். இயக்கினால் வேகம் வெகுவாகக் குறையும். கணினியிலேயே வி.பி.என். இயக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். 2020 இல் பல நிறுவனங்களின் நுழைவாயில்களே திடீர்ச் சுமையைத் தாங்காமல் திணறின. ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் உள்ள சக ஊழியர்கள் அனைவருக்கும் மந்தமாக இருந்தால், பந்தல்குடியின் வடத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சேவைத் தர ஒழுங்குமுறைகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவை அகலப்பட்டைச் சேவையின் தாமதம், பொதி இழப்பு ஆகியவற்றையும் அளவுகோல்களாகக் கொண்டுள்ளன. முறையீடு செய்யும்போது இணையம் மெதுவாக உள்ளது எனக் கூறுவதை விட, நாள், நேரம், இழப்பு வீதம் ஆகியவற்றைக் குறிப்பிடுவது பயன் தரும்.

வணிக வி.பி.என். சேவைகளும் சட்டமும்

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை இல்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட பணிப்பு, வி.பி.என். சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் எனக் கூறியது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என். இதற்கு உட்படாது எனப் பின்னர்த் தெளிவுபடுத்தப்பட்டது. இப்பணிப்பை அடுத்து எக்சுபிரசுவி.பி.என்., சர்ஃப்சார்க், நார்டுவி.பி.என். ஆகியவை இந்தியாவில் இருந்த தம் வழங்கிகளை அகற்றின.

இதன் விளைவு செயற்திறனிலும் தெரிகிறது. இந்திய முகவரி தரும் வழங்கி எனப் பட்டியலில் காட்டப்படும் சில, உண்மையில் சிங்கப்பூரிலோ அதற்கப்பாலோ வைக்கப்பட்டுள்ளன. அத்தகைய வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் பந்தல்குடிப் பயனர், சென்னையில் உள்ள ஒரு தளத்தைப் பார்க்கச் சிங்கப்பூர் சென்று திரும்ப நேரிடும். குறைந்தது 64 மில்லிநொடி கூடும். எந்த வழங்குநருக்கு மாறினாலும் இக்கூடுதல் நீங்காது. வழங்கியின் பெயரைப் பார்க்காமல், அதனை அடைய ஆகும் சுற்றுப்பயண நேரத்தை அளந்து பார்த்தால், அது உண்மையில் எவ்வளவு தொலைவிற்குள் இருக்க முடியும் என்பதை மேலே கூறிய 10 மில்லிநொடிக் கணக்கைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.